ஆர்மர் கேபிளின் முனையில் எர்த்: முறுக்கிக் கட்டுவதா, சிங்கிளா, டபுளா, டேக்கா?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில். பழைய மெயின் பேனலை மாற்றி அரவை ஷெட்டுக்குப் புதுக் கேபிள் இழுக்கும் வேலைக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தேன். முதலாளி தாளை மேலிருந்து கீழே படித்துவிட்டு ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் பித்தளைப் பொருத்தான கிளாண்டும், அதிலிருந்து எர்த் இணைப்பு எடுக்கும் டேக்கும் இருந்த வரி அது.

"கேபிள் சரிங்க தம்பி, பேனலும் சரி. இந்த கிளாண்டுக்கும் எர்த் டேக்குக்கும் தனியா ஒரு தொகையா? போன தடவை வந்தவரு மேல இருக்கற பட்டைய முறுக்கி ஒரு போல்ட்டுல மாட்டிட்டுப் போனாரு. அஞ்சு வருசமா மோட்டார் ஓடிட்டுத்தான இருக்குது?"

ஓடத்தான் செய்யும். எர்த்தே இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும். அது சரியாக இருக்கிறதா என்று எந்த மோட்டாரும் தினமும் வந்து சொல்லாது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை இது என்று அவரிடம் சொல்ல முடியுமா? அதனால் ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வயர்மேன் தம்பிகளுக்கும், பணம் கொடுக்கும் முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். கேபிள் உறையின் மேல் 'ஏ2எக்ஸ்எஃப்ஒய்' என்று அச்சடித்திருந்தால் உள்ளே அலுமினியக் கடத்தி, எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன், அதற்கு மேல் தட்டையான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய எஃகு) பட்டை ஆர்மர், வெளியே பி.வி.சி. உறை என்று பொருள். எஃப் இருக்கும் இடத்தில் டபிள்யூ இருந்தால் பட்டைக்குப் பதில் உருண்டைக் கம்பி. இந்த ஆர்மர் கடப்பாரைக்கும் எலிக்கும் எதிரான கவசம் மட்டும் இல்லை. பழுது வரும்போது மின்சாரம் திரும்பிப் போகும் பாதையும் அதுதான். ஆர்மரைப் பாதுகாப்புக் கடத்தியாகக் கொள்ளலாம், ஆனால் தொடர்ச்சி உறுதியாக இருக்கவேண்டும், பரப்பும் போதவேண்டும் என்பதே எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043-ன் போக்கு. பரப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தொடர்ச்சிதான் முனையில் அறுந்து போகிறது.

அந்த மில்லுக்கு நான் எடுத்த கேபிள் 4 கோர், 16 சதுர மி.மீ. அலுமினியம், 60 மீட்டர் நீளம். வெட்டிய துண்டில் பட்டைகளை எண்ணினேன்: 15. ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. தடிமன். ஆக 48 சதுர மி.மீ. எஃகு. எஃகின் தடை செம்பைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு என்பதால், இது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குச் சமம். கூடவே ஓட்டிவிடும் எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பியின் பரப்பு 13 சதுர மி.மீ.தான். செம்புக் கணக்கில் ஒன்றரையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. "ஆர்மர் கிடக்கட்டும், எட்டாம் நம்பர் கம்பி ஓட்டிட்டேன்" என்று யாராவது சொன்னால், நல்ல எர்த்தை விட்டுவிட்டுச் சின்ன எர்த்தைப் பிடித்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம்.

60 மீட்டருக்கு அந்த ஆர்மரின் தடை சுமார் 0.17 ஓம், ஒரு ஃபேஸ் கோரின் தடை சுமார் 0.115 ஓம். மில்லுக்குச் சொந்த டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, அதன் நியூட்ரலும் இதே எர்த் வலையில்தான் சேர்கிறது. எனவே மோட்டார் பாடியில் ஃபேஸ் இடித்தால் பாதை முழுக்க உலோகம். 240-ஐ 0.285-ஆல் வகுத்தால் 840 ஆம்பியர் வருகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத் தடையைச் சேர்த்தால் இது குறையும். குறைந்தாலும், பத்து மடங்கில் உடனே விழும்படி வைத்த 63 ஆம்பியர் எம்.சி.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே துண்டிக்கும் பிரேக்கர்) கண் இமைக்கும் முன் டிரிப் ஆகிவிடும்.

இப்போது பேனலில் ஆர்மர் சேரும் இடத்தில் மட்டும் 1 ஓம் கூடுதலாக வந்துவிட்டது என்று வையுங்கள். பெயின்ட் மேல் உட்கார்ந்த கிளாண்டோ, துரு ஏறிய போல்ட்டோ, எதுவாகவும் இருக்கலாம். ஆர்மரைத் தவிர வேறு எர்த் பாதை இல்லை என்றும் வையுங்கள். மின்னோட்டம் 187 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. 63 ஆம்பியர் பிரேக்கருக்கு அது மூன்று மடங்குதான். உடனே விழாது, உள்ளே இருக்கும் வெப்ப உறுப்பு சூடாகி வேலை செய்ய அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நேரம் முழுக்க மோட்டார் பாடியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்த ஒரு ஓம் இருக்கும் இடத்தில் எவ்வளவு சூடு? 187 பெருக்கல் 187 பெருக்கல் 1, அதாவது ஏறத்தாழ 35 கிலோவாட். விரல் கனமுள்ள ஒரு இணைப்புக்குள் ஏறத்தாழ நாற்பத்தேழு குதிரைத்திறன்! அது ஒரு ஓமாகவே நிற்கப்போவதும் இல்லை, பொறி பறந்து உருகும்.

முதலாளி அந்த 35-ஐ மட்டும் பேனாவால் வட்டமிட்டார். சரி, இனி எதைப் பொருத்துவது என்று பார்க்கலாம்.

முறுக்கிக் கட்டும் முறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் காண்பது அதுதான். உறையை ஒரு முழம் உரிப்பார்கள், ஆர்மர் பட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பின்னல் மாதிரி முறுக்குவார்கள், நுனியை வளைத்துப் பேனலின் ஏதோ ஒரு போல்ட்டில் வாஷருக்கு அடியில் மாட்டுவார்கள். செலவு இல்லை. புதிதாக இருக்கும்போது அளந்தால் தடையும் குறைவாகத்தான் காட்டும், அதை மறுக்கமாட்டேன். தொல்லை பின்னால் வருகிறது. முறுக்கும்போது துத்தநாகப் பூச்சு வெடிக்கிறது, அங்கே துரு பிடிக்கிறது. பதினைந்து பட்டையில் ஐந்தாறுதான் வாஷருக்கு அடியில் உண்மையாக அழுந்துகின்றன, மற்றவை சும்மா தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேபிளின் எடையைத் தாங்க ஒன்றும் இல்லாததால், மோட்டார் அதிர்வில் மொத்தமும் ஆடி போல்ட் லூஸ் ஆகிறது. ஜவ்வரிசி மில்லில் இதோடு இன்னொன்றும் சேரும். கிழங்குப் பால் தெறித்து, காய்ந்து, புளித்து, அந்தப் புளிப்பு ஜி.ஐ.-யைத் தின்னும். அந்த மில்லின் பழைய பேனலைக் கழற்றியபோது முறுக்கிய பட்டையைக் கையால் ஒடித்தேன், முறுக்கு மாதிரியே நொறுங்கியது. இந்த முறையை நான் ஒப்பீட்டில் சேர்ப்பதே, இது வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான்.

அடுத்தது சிங்கிள் கம்ப்ரஷன் கிளாண்ட். பித்தளை பாடி, இரண்டு மூன்று உலோக வாஷர், ஒரு ரப்பர் வளையம், இறுக்கும் நட், பின்பக்கம் தகட்டோடு பூட்டும் செக் நட். ஆர்மரை விசிறி மாதிரி விரித்து வாஷர்களுக்கு நடுவே வைத்து நட்டை இறுக்கினால், எல்லாப் பட்டையும் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் பிடிபடும். விலை மலிவு, பொருத்துவது சுலபம், காய்ந்த இடத்தில் வருடக்கணக்காக நிற்கும். குறை என்னவென்றால் வெளி உறையைச் சுற்றித் தண்ணீர் புகாத அடைப்பு கிடையாது. மேலே மாட்டும் பி.வி.சி. தொப்பி மழைக்கோட்டு மாதிரி, அவ்வளவுதான். கழுவும் தண்ணீர் அடிக்கும் இடத்தில் அந்தத் தொப்பிக்குள்ளேயே தண்ணீர் தேங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்கு மீட்டர் போர்டிலிருந்து கேபிள் இழுத்தால் நான் சிங்கிள்தான் போடுவேன். அங்கே பஞ்சுத் தூசி உண்டு, தண்ணீர் இல்லை. டபுள் வாங்கச் சொல்வது வீண் செலவு.

டபுள் கம்ப்ரஷனில் பிடிப்பு இரண்டு இடத்தில். ஆர்மர் ஒரு கூம்பின் மேல் ஏறி, அதன் மேல் வரும் வளையத்தால் இறுக்கப்படுகிறது. அதற்குப் பின்னால் வெளி உறையை இன்னொரு ரப்பர் வளையம் தனியாகப் பிடிக்கிறது. ஈரமும் ஆவியும் ஆர்மர் பக்கம் போகாது, கேபிளைப் பிடித்து இழுத்தாலும் நழுவாது. நான் வாங்கும் கடையில் சிங்கிளைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. இதில் நம் ஆட்கள் செய்யும் தவறு இரண்டு. "16 ஸ்கொயர் கேபிளுக்கு ஒரு கிளாண்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது முதலாவது. கிளாண்டுக்குச் சதுர மி.மீ. தெரியாது, விட்டம்தான் தெரியும். ஒவ்வொரு கம்பெனிக் கேபிளும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆர்மருக்கு அடியில் ஒரு விட்டம், வெளி உறைக்கு மேல் ஒரு விட்டம், இரண்டையும் வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போகவேண்டும். இரண்டாவது, பட்டை ஆர்மருக்கும் உருண்டைக் கம்பிக்கும் ஒரே கூம்பு ஒத்துவரும் என்று நினைப்பது. சில கிளாண்டுகளில் வளையத்தைத் திருப்பிப் போடவேண்டும், சிலவற்றில் கூம்பே வேறு. கம்பிக்கான கூம்பில் பட்டையைத் திணித்தால் நட் முழுக்க ஏறிவிடும், உள்ளே பட்டை ஆடிக்கொண்டிருக்கும். பொருத்தியபின் கேபிளைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிளாண்டுக்குள் திரும்பினால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் எவ்வளவு விலைக்கு கிளாண்ட் வாங்கினாலும் அது முடிவது பேனல் தகட்டில். அங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

பத்து வருடம் ஆகியிருக்கும். வேறொரு மில், நல்ல பவுடர் கோட்டிங் அடித்த பேனல், நல்ல டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட். துளை போட்டு கிளாண்டை மாட்டி, செக் நட்டை இறுக்கி, மல்டிமீட்டரை வைத்தேன். பீப் என்று கத்தியது. போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் கிழங்கு கழுவும் தொட்டிப் பக்கம் வேலை செய்யும் அக்கா சொன்னார்: "ஏனுங் தம்பி, மோட்டாரத் தொட்டா விறுவிறுங்குதுங்க. ஈரக் கையோட போகவே பயமா இருக்குது." போய்த் திறந்து பார்த்தேன். கிளாண்டின் தோளுக்கு அடியிலும், உள்ளே செக் நட்டுக்கு அடியிலும் பெயின்ட் முழு வட்டமாக அப்படியே இருந்தது. துளையின் ஓரத்தில், துரப்பணம் சுரண்டிய மயிரிழை விளிம்பில் மட்டும் மரை தொட்டுக்கொண்டிருந்தது. மல்டிமீட்டர் சோதிப்பது சில மில்லி ஆம்பியரில். அதற்கு அந்த மயிரிழை தாராளம், 800 ஆம்பியருக்கு அது எங்கே போதும்? தவறு முழுக்க என்னுடையது. அன்று தனி எர்த் பட்டையும் போடாமல் ஆர்மரையே நம்பியிருந்தேன்.

அதற்கப்புறம் என் பையில் ஒரு வட்ட வயர் பிரஷ் எப்போதும் இருக்கும். துளையைச் சுற்றி உள்ளேயும் வெளியேயும் செக் நட்டின் அகலத்துக்கு, தகடு வெள்ளையாகத் தெரியும்வரை பெயின்டைச் சுரண்டுவேன். மெல்லிசாக வாஸ்லின் பூசுவேன். பல் வாஷர் வைத்துத்தான் செக் நட். இறுக்கியபின் வெளியே தெரியும் சுரண்டலுக்கு மேல் ஒரு கோட் பெயின்ட். ஒரு கிளாண்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும், அதற்குக் கூலி கேட்க நான் வெட்கப்படுவதில்லை. இன்னொன்று, கிளாண்ட் பிளேட் என்பது பேனலில் தனியாகக் கழற்றும் தகடு. அதற்கும் பேனல் உடம்புக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் இருக்கும். கிளாண்ட் தகட்டைத் தொட்டாலும் தகடு பேனலைத் தொடுவது நாலு ஸ்குரூவின் தயவில்தான்.

இந்த இரண்டு சந்தேகத்தையும் ஒரே அடியில் தீர்ப்பது எர்த் டேக், சிலர் பான்ஜோ என்பார்கள். வளையமும் அதிலிருந்து நீளும் ஒரு காதும் உள்ள பித்தளைத் தகடு. கிளாண்டின் கழுத்தில் மாட்டி இறுக்கிவிட்டு, காதிலிருந்து லக் வைத்த செம்புக் கம்பியை நேரே, எர்த் இணைப்புகள் எல்லாம் சேரும் எர்த் பாருக்குக் கொண்டுபோகலாம். பெயின்ட், கேஸ்கெட், ஸ்குரூ எதையும் நம்ப வேண்டியதில்லை. பேனலுக்குள் உள்ள அந்த முழ நீளக் கம்பியை ஆர்மரின் செம்புச் சமானத்துக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். இந்தக் கேபிளுக்கு 6 சதுர மி.மீ. கணக்கு, நான் 10 போடுகிறேன். டேக்கின் விலை கிளாண்டின் விலையில் ஒரு சிறு பங்கு. சிங்கிளா டபுளா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் டேக்கை வாங்கட்டும் என்பதுதான் என் கட்சி. காய்ந்த இடத்தில் டேக் வைத்த சிங்கிளை, டேக் இல்லாத டபுளைவிட மேலாக நினைக்கிறேன்.

பிரெய்டும் ரோல் ஸ்பிரிங்கும் வைத்துப் பிடிக்கும் முறையும் உண்டு. தகரம் பூசிய செம்புப் பின்னலை ஆர்மரின் மேல் வைத்து, தானாகச் சுருண்டு இறுகும் ஸ்டீல் சுருளைச் சுற்றுவது. 11 கே.வி. கேபிளின் ஹீட் ஷ்ரிங்க் கிட்டில் இது வரும், அங்கே அதுதான் சரி. எல்.டி.-யில் (தாழ்வழுத்த லைனில்) பழைய பேனலில் கிளாண்டுக்கு இடமே இல்லாதபோது ஓரிரு முறை செய்திருக்கிறேன். ரோல் ஸ்பிரிங்குக்குப் பதில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப்பை மாட்டுவதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். சூடேறி ஆறும்போது கேபிள் விரிந்து சுருங்கும், ஸ்பிரிங் கூடவே சுருங்கும், ஹோஸ் கிளிப் அப்படியே நிற்கும்.

பிளாஸ்டிக் பெட்டி வந்தால் கதையே வேறு. இதற்கு ஏற்காட்டுக்குப் போகவேண்டும்.

கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி மேலே போனால், சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் பாறை. எர்த் குழி தோண்டினால் மூன்றடியில் கடப்பாரை கிணுகிணு என்று பேசும். கரியும் உப்பும் எவ்வளவு கொட்டினாலும் கீழே சமவெளியில் வரும் அளவு அங்கே வராது. ஒரு காபி எஸ்டேட்டில் மெயின் போர்டிலிருந்து 120 மீட்டர் தள்ளி, சரிவில் விருந்தினர் தங்கும் இரண்டு அறைகள். நடுவழியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு கேபிள் வந்து இன்னொன்று புறப்படுகிறது. வேலையை முடித்தவர் வந்த கேபிளில் கிளாண்ட் போட்டிருந்தார், போகும் கேபிளிலும் போட்டிருந்தார். பித்தளை பளபளவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது பிளாஸ்டிக். ஆக அறைகளில் உள்ள பிளக் பாயின்ட் எர்த், போகும் கேபிளின் ஆர்மரோடு சேர்ந்து காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கெய்சர் பழுதாகியிருந்தால் அந்த ஆர்மர் முழுக்க, அறையில் உள்ள எல்லா உலோகத்துக்கும் சேர்த்து, 240 வோல்ட்டைச் சுமந்திருக்கும். எர்த்தே இல்லாத வீட்டைவிட இது மோசம். ஒரு சாமானின் பழுதை எல்லாச் சாமானுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கும்.

பிளாஸ்டிக் பெட்டியில் டேக் விருப்பம் அல்ல, கட்டாயம். இரண்டு கிளாண்டுக்கும் இரண்டு டேக், அவற்றை இணைத்து ஒரு செம்புக் கம்பி. அன்று அதைத்தான் செய்தேன், அரைமணி நேர வேலை. பிளாஸ்டிக் சுவரில் கிளாண்டை வெறி பிடித்த மாதிரி இறுக்கக் கூடாது. சுவர் நாளடைவில் அழுந்திக் கொடுத்து நட் தளரும், அதனால் டேக்கைப் பிளாஸ்டிக்கின் அழுத்தத்தை நம்பி வைக்காமல் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே வைக்கவேண்டும். உள்ளே செக் நட், டேக், இன்னொரு செக் நட் என்ற வரிசையில் வைத்தால் போதும்.

அந்த எஸ்டேட்டுக்குச் சொந்த டிரான்ஸ்பார்மர் கிடையாது, மின்வாரிய லைனில் வரும் எல்.டி. சர்வீஸ். எர்த் குழியை அளந்தபோது 40 ஓம் காட்டியது. 240-ஐ 40-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். எந்த எம்.சி.பி.-யும் இதற்கு அசையாது. கிளாண்டைத் தங்கத்தில் வார்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் தடை பாறையில் இருக்கிறது. இங்கே காப்பாற்றுவது, மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான். 300 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயினில் இருந்தால் 40 ஓம் குழியிலும் பாடி மின்னழுத்தம் 12 வோல்ட்டைத் தாண்டுவதற்குள் விழும். அறைகளின் பிளக் சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். அதனால் மலையில் என்னிடம் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், முதலில் ஆர்.சி.சி.பி., அப்புறம் டேக், கடைசியில்தான் டபுள் கம்ப்ரஷன் என்பேன்.

அங்கே எஸ்டேட் மேற்பார்வையாளர் ஒரு கேள்வி கேட்டார். பலரும் கேட்பதுதான்: "ஆர்மரை ஒரு பக்கம்தாங்க எர்த் பண்ணணும்? ரெண்டு பக்கமும் பண்ணினா கரண்ட் சுத்தும்ங்கறாங்களே?" இரண்டு வேறு விதிகள் கலந்துபோனதால் வந்த சந்தேகம் இது. சிக்னல் கேபிளின் ஸ்கிரீனை ஒரு பக்கம் எர்த் செய்வது இரைச்சலைத் தவிர்க்க. பெரிய சிங்கிள் கோர் கேபிளின் ஆர்மரில் இரு பக்கமும் எர்த் செய்தால் மின்னோட்டம் சுற்றிச் சூடாகும் என்பதும் உண்மை. அந்த வகைக்கு ஆர்மரே எஃகில் வராது, காந்தம் ஒட்டாத அலுமினியத்தில்தான் வரும். ஆனால் மூன்று, மூன்றரை, நான்கு கோர் கேபிளில் எல்லா ஃபேஸும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று ஏறத்தாழ அழித்துவிடும். ஆர்மரை எர்த் பாதையாகப் பயன்படுத்துவதே நோக்கம் என்றால் இரண்டு முனையும் சேரவேண்டும், ஒரு முனையில் விட்டால் பாதை எங்கே? சித்திரை, வைகாசியில் மலையில் இடி இறங்கும்போது இரண்டு முனைக்கும் நடுவே எழும் மின்னழுத்த வித்தியாசமும், ஒரு முனை திறந்திருந்தால் அங்கேதான் பாயும்.

சரி, மில்லுக்குத் திரும்புவோம். ஆர்மர் நன்றாகப் பிடித்துவிட்டது, டேக்கும் வைத்தாகிவிட்டது. அப்படியானால் தனியாக எர்த் பட்டை வேண்டுமா? வேண்டும். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் மூன்று ஃபேஸ் மோட்டாரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு என்பது பழைய 1956 விதிகளிலிருந்தே இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றாக ஆர்மரைக் கணக்குக் காட்டி மின் ஆய்வாளரிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. 25-க்கு 3 மி.மீ. ஜி.ஐ. பட்டை 75 சதுர மி.மீ., செம்புக் கணக்கில் ஒன்பதுக்கு மேல். ஆர்மரோடு சேர்த்தால் பாதையின் தடை பாதிக்கும் கீழே போய்விடும். கிளாண்ட் எப்போதாவது கைவிட்டாலும் பட்டை நிற்கும், பட்டையை யாராவது வெல்டிங் வேலைக்கு வெட்டிப்போட்டாலும் கிளாண்ட் நிற்கும். மில்லில் இரண்டாவது ரகமும் நடக்கும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மல்டிமீட்டர் பீப்பை நம்பி ஒருமுறை பட்டதால், இப்போது நான் சோதிப்பது பழைய வண்டி பேட்டரியும் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பும் வைத்து. சப்ளையை முழுவதும் நிறுத்தி, பூட்டுப் போட்டு, கேபிளின் கோர்களை இரு முனையிலும் கழற்றிவிட்டு, தனி எர்த் பட்டையையும் கழற்றியபின்தான் இதைச் செய்யவேண்டும். மோட்டார் முனையில் இரண்டு கோரை ஸ்டார்ட்டர் பெட்டியின் பாடியில் இறுக்கிவிடுவேன். பேனல் முனையில் பேட்டரி, பல்பு, ஆம்பியர் மீட்டர் மூன்றையும் வரிசையாக வைத்து, முதல் கோருக்கும் எர்த் பாருக்கும் நடுவே இணைப்பேன். சுமார் 4 ஆம்பியர் போகும். இரண்டாவது கோர் அளவுக் கம்பி மட்டும். அதற்கும் எர்த் பாருக்கும் நடுவே வோல்ட் பார்த்தால், ஆர்மரும் இரண்டு கிளாண்டும் சேர்ந்து எவ்வளவு விழுங்குகின்றன என்று தெரியும். இந்த 60 மீட்டர் கேபிளுக்கு 0.7 வோல்ட் வரவேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கிளாண்டைப் பிரிப்பேன். எங்காவது ஒரு ஓம் ஒளிந்திருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், பல்பே மங்கிவிடும், மீட்டர் பார்க்கத் தெரியாத முதலாளிக்கும் கண்ணால் தெரியும்.

அன்று கொட்டேஷனில் கடைசியாக நின்றது இது: அரவை ஷெட்டுப் பக்கத்து முனைக்கு டபுள் கம்ப்ரஷன், டேக்கோடு, கேபிள் கீழிருந்து நுழையும்படி, நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டு. மெயின் பேனல் அறை காய்ந்த இடம் என்பதால் அந்த முனைக்கு சிங்கிள், அதற்கும் டேக். ஜி.ஐ. பட்டை தனியாக. ஒரு பக்கம் சிங்கிளாக்கியதில் முதலாளிக்குக் கொஞ்சம் பணம் மிச்சம். வேலை முடிந்த அன்று பேட்டரியை வைத்தபோது அவரே பக்கத்தில் நின்று பார்த்தார். மீட்டர் 0.74 காட்டியது.

"இதே பல்ப பழைய லைன்லயும் ஒருக்கா வெச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். உலர்த்தும் களத்து மோட்டாருக்குப் போகும் பழைய கேபிள் இன்னும் மாற்றாமல் இருந்தது, முறுக்கிக் கட்டிய அதே ரகம். வைத்தோம். பல்பு எரியவே இல்லை. அடுத்த வாரம் இன்னொரு ஜோடி கிளாண்டுக்கு விட்டம் அளக்க வெர்னியரோடு போனேன்.